முகமா முதல் பரிசோதனைக்கூடம்?

கேரளத்தில், மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில், 2021 முதல் 2023 வரையான காலத்தில் ஒரே வகைச் சிறுநீரக நோயுடன் மருத்துவமனைக்கு வந்த 22 பேரை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்களுள் 15 பேரிடம் அந்நோயின் அபூர்வமான உட்பிரிவு ஒன்று இருக்கக் கண்டு, காரணத்தைத் தேடிச் சென்றபோது, அந்தப் 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசி வந்தவர்கள் என்ற உண்மை வெளிப்பட்டது. முகத்தில் தடவியது சிறுநீரகத்தில் போய் வேலை செய்திருந்தது.

அதே மாநிலத்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்னும் பெயரில் 2023 முதல் கட்டம் கட்டமாக நடத்தி வரும் சோதனைகளில், சில உதட்டுச் சாயங்களிலும் முகக் கிரீம்களிலும் அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் 12,000 மடங்கு வரை பாதரசம் இருக்கக் கண்டதாக அறிவிக்கப்பட்டது. எல்லை தாண்டினால் தமிழ்நாடு. சரக்குக்கோ எல்லை கிடையாது. ஆகவே இது அண்டை வீட்டுச் செய்தி என்று நாம் வாளாவிருப்பதற்கில்லை.

ஒரு புதிய கிரீமையோ, மையையோ, சாயத்தையோ வாங்கி வந்து வீட்டில் பூசிப் பார்ப்பது நம்மில் பலருக்கும் பழக்கமான, பார்வைக்கு மிகச் சாதுவான காரியம். ஆனால் ஆலையிலும் அரசாங்கத்தின் ஆய்வுக்கூடத்திலும் நடந்து முடிந்திருக்க வேண்டிய பரீட்சை நடைபெறாமலே ஒரு பொருள் நம் கைக்கு வந்து சேருமானால், அதன் முதல் பரீட்சை நம் வீட்டு நிலைக்கண்ணாடியின் முன்னால், நம் முகத்தின் மீதே நடைபெறுகிறது. இந்த அநியாயத்தைத்தான் நாம் பேச வேண்டும். அலங்கார ஆசையை அன்று.

அலங்காரம் குற்றமன்று

இத்தகைய செய்திகள் வெளிவந்தவுடன், ‘பூச்சும் வேண்டாம், மையும் வேண்டாம், இயற்கை அழகே போதும்’ என்று உபதேசம் செய்யப் புறப்படுகிறவர்கள் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் ஆண்களாக இருப்பதும், தம் தலை நரைக்கு மட்டும் மாதம் தவறாமல் சாயம் தீட்டிக்கொள்ளுகிறவர்களாக இருப்பதும் யோசிக்கத்தக்க விஷயங்கள்.

நம் இலக்கியத்தில் அலங்காரத்துக்கு மதிப்பான இடம் உண்டு. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், பத்து வகைத் துவரும், ஐந்து வகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நன்னீரில் மாதவி கூந்தலை நனைத்து, அகிற்புகையூட்டி உலர்த்தி, அடி முதல் முடி வரை அணி பூணும் காட்சியை, ஒரு துறவி என்று போற்றப்படும் இளங்கோவடிகள் எவ்வித அருவருப்புமின்றி, ஒரு கலையின் நுணுக்கத்தை விவரிப்பவர்போல நின்று நிதானித்து விவரிக்கிறார்.

அவ்வளவு பரிவாரம் வாய்க்காத எளிய குடும்பங்களிலும், பாசிப்பயறும் கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் வெட்டிவேரும் சேர்த்து அரைத்த நலங்குமாவும், சீயக்காயும், கொங்குநாட்டு அரப்பும், வாசலோரத்து மருதாணியும், விளக்கெண்ணெய்ச் சுடரில் பிடித்த கரியைக் குழைத்துச் செய்த கண்மையும் தலைமுறை தலைமுறையாக வழங்கி வந்திருக்கின்றன. சென்ற நூற்றாண்டில், கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், ஷாம்பூவைச் சிறு பொட்டலத்தில் அடைத்து விற்கும் யுக்தியைத் தொடங்கி வைக்க, அவருடைய புதல்வர்கள் ‘வெல்வெட்’, ‘சிக்’ ஆகிய பெயர்களில் அதை ஊர்தோறும் பரப்பியபோது, புட்டி விலை கொடுத்து வாங்க இயலாத கூலிக்காரப் பெண்ணுக்கும் அந்தச் சுகம் கைக்கு எட்டியது. இதுவும் ஒரு சமத்துவமே.

வீட்டிலேயே மேக்கப் செய்யப் பழகுவதால் பணம் மிச்சமாகிறது, கைத்திறன் வளர்கிறது, அதையே தொழிலாகக் கொண்டு கல்யாண வீடுகளுக்குச் சென்று சம்பாதிக்கும் பெண்கள் இன்று சிற்றூர்களிலும் இருக்கிறார்கள். ஆகையால் பழகுவதைத் தடுப்பது நம் நோக்கமாக இருக்கலாகாது. பழகுகிறவர்களுக்குத் தீங்கு நேராதபடி காப்பதே நோக்கமாக இருக்க வேண்டும்.

மாறியது எது?

முன்னாளில் நலங்குமாவு அரைத்தவளுக்கு அதில் என்ன இருக்கிறது என்பது தெரியும். அவள் கையாலேயே பொறுக்கி, உலர்த்தி, இடித்துச் சலித்தது அது. இன்று வாங்குகிறவளுக்கு அது தெரிவதில்லை. கைப்பேசியில் ஓர் அரை நிமிடப் படம் ஓடுகிறது. ஏழே நாளில் முகம் வெளுக்கும் என்று யாரோ ஒருவர் சத்தியம் செய்கிறார். மறுவாரம் பார்சல் வருகிறது. டப்பாவின் மேல் புரியாத பாஷையில் ஏதோ அச்சாகியிருக்கிறது. செய்தவர் பெயரும் இல்லை, ஊரும் இல்லை.

நம் நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம், 1962-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி அழகுசாதனப் பொருள்களையும் தன் ஆளுகைக்குள் கொண்டுவந்தது. 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, உற்பத்தியாளரின் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், எந்நாளுக்குள் உபயோகிக்க வேண்டும் என்ற விவரம், சேர்மானங்களின் பட்டியல் ஆகியவை டப்பாவின் மேல் இருந்தாக வேண்டும். வெளிநாட்டுச் சரக்கானால், இறக்குமதி செய்தவரின் பெயரும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இருந்தாக வேண்டும்.

கண்ணுக்கு இடும் பொருள்கள் நீங்கலாக, மற்றவற்றில் பாதரசத்தை வேண்டுமென்றே சேர்ப்பதற்கு இவ்விதிகள் இடம் கொடுப்பதில்லை. தற்செயலாகக் கலந்துவிட்டதாயினும், அவற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் அது இருத்தலாகாது. பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருள்களை 2025-ஆம் ஆண்டுக்குள் அறவே ஒழிப்பதென்று, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் அங்கம் வகிக்கும் இந்தியா உள்ளிட்ட நாடுகள் 2023-இல் ஜெனீவாவில் கூடி முடிவெடுத்தன. விதி இவ்வளவு தெளிவாக இருந்தும், விதிக்குப் புறம்பான டப்பா நம் அலமாரிக்குள் வந்து அமர்ந்துகொள்ளுகிறது என்றால், கோளாறு விதியில் இல்லை, காவலில் இருக்கிறது என்பது வெளிப்படை.

பாதரசம் செய்யும் வேலை

நம் சருமத்துக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அது உண்டாவதற்குத் துணைபுரியும் நொதியின் வேலையைப் பாதரச உப்புகள் தடுத்துவிடுகின்றன. ஆகவே சில நாள்களில் முகம் உண்மையாகவே வெளுக்கிறது. இதுவே இதிலுள்ள பெரிய ஆபத்து. பலன் தராத போலிச் சரக்காக இருந்தால் ஜனங்கள் இரண்டு வாரத்தில் எறிந்துவிடுவார்கள். பலன் தருகிற விஷமாக இருப்பதனால், தோழிக்குச் சொல்லுகிறார்கள், தங்கைக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள், தீர்ந்தவுடன் மறு டப்பா தேடுகிறார்கள்.

இதற்கிடையில், சருமத்தின் வழியே உள்ளே சென்ற பாதரசம் சிறுநீரகத்தின் வடிகட்டும் பகுதியைத் தாக்க, உடம்பில் நிற்க வேண்டிய புரதம் சிறுநீரோடு ஒழுகத் தொடங்குகிறது. சிறுநீர் நுரைத்துப் போதல், காலும் கண்ணிமையும் வீங்குதல், காரணம் தெரியாத களைப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். கோட்டக்கல் நோயாளிகளில் பெரும்பாலோர்க்குக் கிரீமை நிறுத்திய பின் நோய் தணிந்தது என்பது ஆறுதலான செய்தி. காலத்தில் கண்டுபிடித்தால் மீளலாம் என்பதே அதன் பொருள்.

பூசிக்கொண்டவரோடு இத்தீங்கு நின்றுவிடுவதுமில்லை. பாதரசம் ஆவியாகக் கூடியது. துண்டிலும் தலையணையிலும் ஒட்டக் கூடியது. தாயின் கன்னத்தோடு கன்னம் வைத்து உறங்கும் குழந்தைக்கும் அதில் பங்கு உண்டு.

சேர்மானப் பட்டியலில் கலோமெல், மெர்க்குரிக் அயோடைடு, அம்மோனியேட்டட் மெர்க்குரி என்ற பெயர்கள் தென்பட்டால் அந்த டப்பாவைத் தொடவே கூடாது. தங்கம், வெள்ளி, அலுமினியம், ரப்பர் ஆகியவற்றில் கிரீம் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்று எச்சரிக்கை எழுதியிருந்தாலும் பாதரசத்தைச் சந்தேகிக்க வேண்டும். நகைக்கு ஆகாதது கன்னத்துக்கு மட்டும் எப்படி ஆகும்?

மருந்துக்கடைக் கிரீமின் மறுபக்கம்

பாதரசத்துக்கு அடுத்தபடியாக, நம் ஊர்களில் அதிக நாசம் விளைவிப்பது ஸ்டீராய்டு கலந்த கிரீம். பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மொமெட்டசோன் முதலியவை, கரப்பான் போன்ற தோல் நோய்களுக்கு, மருத்துவர் குறித்த அளவில், குறித்த நாள்களுக்கு மட்டும் பூச வேண்டிய உயர்ந்த மருந்துகள். அவற்றைப் பூசினால் முகம் தற்காலிகமாகப் பளிச்சிடும் என்பதைக் கண்டுகொண்டவர்கள், பக்கத்து வீட்டுக்காரியும் அழகு நிலையத்து அக்காவும் சொன்னார்கள் என்று, மாதக் கணக்கில் ‘நைட் கிரீம்’ ஆகப் பூசிக்கொள்ளுகிறார்கள்.

முதல் மாதம் கண்ணாடி புகழ்கிறது. பிறகு சருமம் மெலிந்து, கீழேயுள்ள இரத்த நாளங்கள் செந்நூல்போல் தெரிந்து, பருக்கள் கிளம்பி, சிலருக்குக் கன்னத்தில் ரோமமும் முளைக்கிறது. நிறுத்தலாம் என்று எண்ணினாலோ, முகம் சிவந்து எரிந்து, மறுபடியும் அதே கிரீமை நாட வைக்கிறது. இந்த நிலைக்கு ஸ்டீராய்டினால் சேதமுற்ற முகம் என்று நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் தனிப் பெயரே கொடுத்து, பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறார்கள்.

அவர்களுடைய முயற்சியின் பயனாக, 2018-இல் 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகள், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத ‘எச்’ அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆனால், பெயரைச் சொல்லிப் பணத்தை நீட்டினால் சீட்டைக் கேளாமலே எடுத்துத் தரும் மருந்துக்கடை எந்தத் தெருவிலும் கிடைக்கிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

சமையலறையிலும் எச்சரிக்கை வேண்டும்

கடைச் சரக்குக்கு அஞ்சி அடுக்களைக்குள் புகுகிறவர்களும் உண்டு. அங்கே இருப்பதெல்லாம் உண்ணத் தகுந்தவை. உண்ணத் தகுந்தது பூசத் தகாததாகுமா என்பது அவர்கள் தர்க்கம். நாவின் நியாயம் வேறு, சருமத்தின் நியாயம் வேறு.

நம் சருமம் லேசான அமிலத்தன்மை உடையது. அந்த அமிலமே கிருமிகளை அண்ட விடாத முதல் காவல். எலுமிச்சைச் சாறு அதைவிடப் பன்மடங்கு கடுமையான அமிலம். சமையல் சோடாவோ அதற்கு நேர்மாறான காரம். ஒன்று சுடும், மற்றொன்று அந்தக் காவலைக் கலைக்கும். எலுமிச்சையைப் பூசிக்கொண்டு வெயிலில் நடந்தால், அதிலுள்ள சில பொருள்கள் சூரிய கிரணத்தோடு சேர்ந்து வேலை செய்து, கொப்புளமாகிப் பின் மாதக் கணக்கில் மாறாத கருந்தடமாகப் படிவதுண்டு. பருவின் மேல் பற்பசை தடவுவதும் இவ்வகை அவிவேகமே.

உணவுப் பொருளைச் சருமத்தில் தேய்ப்பதனால் விளையக்கூடிய விபரீதத்துக்கு ஜப்பானில் நடந்ததொரு சம்பவம் சாட்சி. கோதுமைப் புரதத்தைச் சிதைத்துச் சேர்த்த ஒரு முகச் சோப்பை நாள்தோறும் உபயோகித்தவர்களில் 2,000-க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை ஒவ்வாமை உண்டாகி, அதுவரை நிம்மதியாக உண்டுவந்த ரொட்டியே அவர்களுக்குப் பகையாயிற்று. ஆகவே, தோல் வெடித்தோ கரப்பான் கண்டோ இருக்கும் பச்சைக் குழந்தையின் மேல் பயற்றமாவையும் கடலைமாவையும் தேய்ப்பதற்கு முன், பாட்டியின் அநுபவத்தோடு மருத்துவரின் யோசனையையும் சேர்த்துக் கேட்பது உத்தமம்.

பேர் பெற்ற கம்பெனியும் தவறலாம்

அப்படியானால் பெரிய கம்பெனிச் சரக்கை மட்டும் வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். பெரும்பாலும் போதும், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கில்லை. ஜப்பானின் புகழ்பெற்ற கானெபோ நிறுவனம், அந்நாட்டு அரசின் அங்கீகாரம் பெற்ற ரோடோடெனால் என்னும் பொருளைச் சேர்த்து வெண்மை தரும் கிரீம்களை விற்றுவந்தது. அவற்றை உபயோகித்தவர்களுக்கு முகத்திலும் கழுத்திலும் கையிலும் வெண்திட்டுகள் தோன்ற, 2013 மே மாதத்தில் ஒரு தோல் மருத்துவர் நிறுவனத்துக்குத் தெரிவித்த பிறகு, அவ்வாண்டு ஜூலையில் அச்சரக்குகள் அனைத்தும் திரும்பப் பெறப்பட்டன. பாதிக்கப்பட்டோர் 18,000-க்கும் மேற்பட்டவர்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே தவறு நேர்ந்தபோது, புகார் சொல்ல ஒரு முகவரி இருந்தது. சரக்கைத் திரும்பப் பெற ஒரு நிறுவனம் இருந்தது. பாதிக்கப்பட்டவர்களை எண்ணிப் பார்க்கும் ஏற்பாடு இருந்தது. பெயரில்லாத டப்பாவைப் பூசிக் கெட்டவளுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. அவளை எண்ணுவார்கூட இல்லை.

பொட்டு, மை, சாயம்

மூன்று சிறு பொருள்களைத் தனியே குறிப்பிடுவது அவசியம். முதலாவது ஸ்டிக்கர் பொட்டு. அதன் பின்புறத்துப் பசையிலுள்ள ஒரு வகை ரசாயனம் சிலருக்கு ஒவ்வாமல், பொட்டு வைத்த இடத்தில் அரிப்பும், நாளடைவில் வட்டமான வெண்தழும்பும் உண்டாகின்றன. அரிப்பு தோன்றிய அன்றே அதை நிறுத்திவிட்டு வேறு வகைக்கு மாறுவது நல்லது. வேறு நிறப் பொட்டை அதே இடத்தில் ஒட்டிக்கொள்வது பரிகாரமாகாது.

இரண்டாவது கண்மை. சுர்மா என்ற பெயரில் விற்கப்படும் சில மைகள் காரீயக் கல்லின் தூள். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது; கண்ணில் இட்ட மை கையில் படிந்து, கையிலிருந்து வாய்க்குப் போக எவ்வளவு நேரமாகும்? குழந்தைக்குத் திருஷ்டி கழிய வேண்டுமென்றால் கன்னத்திலோ பாதத்திலோ நல்ல மையால் ஒரு பொட்டு வைத்தால் போதும். கண்ணுக்குள் எதையும் இட வேண்டாம்.

மூன்றாவது தலைச்சாயம். கறுப்புச் சாயங்கள் பலவற்றில் இருக்கும் பிபிடி என்னும் பொருள், பலருக்கு ஒன்றும் செய்யாது. சிலருக்கோ பல ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு, திடீரென்று ஒருநாள் முகம் முழுதும் வீங்கும்படி செய்துவிடும். ‘கறுப்பு மருதாணி’ என்று திருவிழாக்களில் கையில் வரைவதிலும் இப்பொருள் கலந்திருப்பதுண்டு. இலையை அரைத்து இடும் மருதாணி ஒருபோதும் கறுப்பாகப் பிடிப்பதில்லை.

இச்சாயங்களைப் புருவத்திலோ இமையிலோ தீட்டினால் பார்வை போகக்கூடும் என்ற எச்சரிக்கை டப்பாவின் மேல் இருக்க வேண்டுமென்று நம் விதிகள் கட்டளையிடுகின்றன. அது வீண் பயமுறுத்தல் அன்று. 1933 வாக்கில் அமெரிக்காவில் ‘லாஷ் லூர்’ என்ற இமைச்சாயத்தால் பெண்கள் கண்ணிழந்ததும், ஒரு பெண் உயிரிழந்ததும், 1938-இல் அந்நாடு அழகுசாதனப் பொருள்களைச் சட்டத்துக்குள் கொண்டுவந்ததற்குக் காரணமானவற்றுள் ஒன்று.

வெண்மை மோகம்

இவ்வளவு தீங்கிலும் பெரும்பகுதி, அழகாக வேண்டும் என்பதால் விளையவில்லை. வெளுக்க வேண்டும் என்பதால் விளைந்தது. 1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020-இல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று நாமகரணம் மாற்றிக்கொண்டது. ஆனால் கல்யாண விளம்பரங்களில் ‘சிவந்த நிறம்’ கேட்கும் வழக்கம் மாறவில்லை. பெண் பார்க்கப் போகிறவர்கள் நிறத்தை விசாரிக்கும்வரை, விஷக் கிரீமுக்கு வாடிக்கை குறையாது. மகளின் நிறத்தைக் குறித்து வீட்டில் பெருமூச்சு விடும் பெற்றோர், அந்தக் கிரீமுக்குத் தாமே விளம்பரம் செய்கிறார்கள் என்பதை உணர வேண்டும்.

நம் நிறத்துக்கு மேக்கப் பொருந்தாது என்பதும் பொய். தன் நிறத்துக்கு இரண்டு படி வெளுப்பான ஃபவுண்டேஷனை வாங்கிப் பூசுவதால்தான் முகம் சாம்பல் பூத்ததுபோல் தோன்றுகிறது. தாடையோரத்தில் சிறிது தடவி, கடை விளக்கை நம்பாமல் பகல் வெளிச்சத்தில் பார்த்து, கழுத்தின் நிறத்தோடு கரைந்து மறைவதையே தேர்ந்தெடுத்தால், மாநிறமும் கருநிறமும் எவ்வளவு சோபிக்கின்றன என்பது விளங்கும்.

வீட்டில் செய்யத்தக்கவை

முதலாவதாக, உற்பத்தியாளர் முகவரியும் உரிம எண்ணும் சேர்மானப் பட்டியலும் இல்லாத எதையும், எவ்வளவு மலிவாயினும், யார் வளைகுடாவிலிருந்து அன்பாகக் கொண்டுவந்து கொடுத்ததாயினும், முகத்தில் பூச வேண்டாம். வாங்கும்போது பில் கேட்டுப் பெறுங்கள்; பில் இல்லாமல் புகார் நிற்பதில்லை.

இரண்டாவதாக, எப்புதிய கிரீமையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணயத்தளவு இடத்தில், காலையும் மாலையும், ஒரு வாரம் தடவிப் பாருங்கள். ஒவ்வாமை பெரும்பாலும் உடனே தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்தே தலைகாட்டும். தலைச்சாயத்தை, முன்பு உபயோகித்ததே ஆனாலும், ஒவ்வொரு முறையும் 48 மணி நேரம் முன்னதாகக் காதின் பின்புறத்தில் சோதித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, ஒரே நாளில் பல புதிய பொருள்களைத் தொடங்காதீர்கள். நான்கைச் சேர்த்துப் பூசி முகம் சிவந்தால், குற்றவாளி யார் என்று மருத்துவராலும் சொல்ல இயலாது. சுருக்கம் நீக்கும் கிரீம்களில் சேர்க்கப்படும் ரெட்டினால் போன்றவற்றைக் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும்.

நான்காவதாக, கண்ணையும் உதட்டையும் தொடும் பொருள்களைத் தோழிகளோடு பகிர்ந்துகொள்ள வேண்டாம். மஸ்காராவை மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். திறந்த ஜாடிப் படத்துக்குள் ‘12எம்’ என்று இருந்தால், திறந்த நாளிலிருந்து 12 மாதம்தான் ஆயுள் என்று அர்த்தம். திறந்த தேதியை டப்பாவின் மேல் எழுதிவையுங்கள். தூரிகைகளை வாரம் ஒரு முறை சோப்பு நீரில் கழுவி உலர்த்துங்கள். எத்தனை அலுப்பானாலும் மேக்கப்பைக் கலைக்காமல் உறங்க வேண்டாம்.

ஐந்தாவதாக, செலவழிக்க மனமிருந்தால் அதை வெயில் தடுப்புக் கிரீமில் செலவழியுங்கள். எஸ்பிஎஃப் 30 உள்ள கிரீம், சருமத்தைச் சுடும் கிரணங்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கிறது. ஆனால் முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளம் எடுத்துப் பூசினால்தான் அந்தப் பலன். மென்மையான சோப்பு, ஈரப்பதம் காக்கும் கிரீம், வெயில் தடுப்பு ஆகிய இம்மூன்றுக்கு மேல் பெரும்பாலோருக்குத் தினசரித் தேவை இல்லை.

பெயர் தெரியாத சிவப்பழகு கிரீமை இதுவரை பூசி வந்தவர்கள் பீதியடைய வேண்டாம். அதை நிறுத்திவிட்டு, சிறுநீரில் புரதம் செல்கிறதா என்று ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளட்டும். இது எளிய பரிசோதனை. ஸ்டீராய்டுக் கிரீமை நெடுநாள் பூசியவர்கள் மட்டும், தோல் மருத்துவரின் யோசனைப்படி அதைக் கைவிடுவது நலம்.

அரசு செய்யத்தக்கவை

பொதுஜனங்களுக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டு ஓய்வது நியாயமாகாது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, மாதந்தோறும் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் சாதாரண வாடிக்கையாளரைப்போல் சரக்குகளை வாங்கி, பாதரசத்துக்கும் காரீயத்துக்கும் ஸ்டீராய்டுக்கும் சோதித்து, முடிவுகளைச் சரக்கின் பெயரோடும் தொகுதி எண்ணோடும் தமிழில் வெளியிட வேண்டும். டப்பாவில் பாதரசம் உண்டா என்பதைச் சில நிமிஷங்களில் காட்டிவிடும் எக்ஸ் கதிர்க் கையடக்கக் கருவிகள் இருக்கின்றன. அவற்றை மண்டலத்துக்கு ஒன்றாவது வழங்கலாம்.

உரிம எண்ணையும் சேர்மானப் பட்டியலையும் திரையில் காட்டாத அழகுசாதனப் பொருளை இணைய அங்காடிகள் விற்கக் கூடாது என்று விதிக்க வேண்டும். மீறினால் பொறுப்பு அங்காடியையும் சேர வேண்டும். மருத்துவர் சீட்டின்றி ஸ்டீராய்டுக் கிரீம் விற்கும் கடைகளின் உரிமத்தைச் சில காலம் நிறுத்தி வைத்தால், மற்றக் கடைகள் தாமாகவே திருந்தும்.

டப்பாவின் மேலுள்ள எச்சரிக்கைகள், கண்ணாடி போட்டும் படிக்க முடியாத அளவில் ஆங்கிலத்தில் இருப்பதால் யாருக்குப் பயன்? அவை தெளிவான தமிழிலும் இருக்கும்படி செய்ய வேண்டும். அழகுக்கலைப் பயிற்சி வகுப்புகளில், புருவம் திருத்தக் கற்பிக்கும் முன்பாக, பட்டியல் படிக்கவும் ஒவ்வாமைச் சோதனை செய்யவும் கற்பிக்க வேண்டும். அழகுசாதனப் பொருளால் கேடுற்றவர்களைப் பற்றித் தோல் மருத்துவர்களும் சிறுநீரக மருத்துவர்களும் தெரிவிப்பதற்கென்று ஒரே படிவமும், பாதரசக் கிரீம்களைக் குப்பையில் கலவாமல் பெற்றுக்கொள்ள ஓர் ஏற்பாடும் வேண்டும்.

அதுவரையில் வாசகர்கள் ஒரு காரியம் செய்யலாம். இன்று மாலை அலமாரியைத் திறந்து, முகவரி இல்லாத டப்பாக்களைப் பொறுக்கியெடுத்து, இறுகக் கட்டிக் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்; விற்றவரின் பெயரும் பில்லும் இருந்தால், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். புகார்கள் பெருகினால்தான் சோதனைகள் பெருகும். சோதனைகள் பெருகினால்தான் கடைக்கு வருமுன்னே சரக்கு பரீட்சிக்கப்படும்.